பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது ஏன்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் மனக்குமுறல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் ஒரு வாரமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தார். கவிதை எழுதலாம் என்றால் எனக்கு எதுகையும் வராது, மோனையும் வராது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதைதான். அது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் கதை. கொஞ்சம் வெட்கமான கதை. ஆனாலும் அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி, தங்கைகளுக்கு உதவுமே என்று துணிந்து எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது கடலைக்காய் உடைக்கும் மிஷின். காரமடைப் பக்கம் என் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் காடு. "கடலைக்காய் உடைக்க ஆள் கெடைக்க மாட்டேங்குது கண்ணு, நீங்கதான் இஞ்சினீயருக்குப் படிக்கறீங்களே, ஒரு மிஷினு பண்ணிக் குடுங்க" என்று பொங்கலுக்குப் போனபோது சொன்னார். எங்களுக்கும் தலைப்பு கிடைத்தது. தலைக்கு 2,400 ரூபாய் போட்டோம். எங்களில் ஒருவன் சனி, ஞாயிறு லேத்துப் பட்டறையில் நின்று சம்பாதித்துத்தான் அந்தப் பணத்தைக் கட்டினான்.

ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதினோம்: "இவ்வியந்திரம் சிறந்த செயல்திறனும், குறைந்த விலையும், எளிதில் இயக்கும் வசதியும், நீடித்த உழைப்பும் கொண்டதாக இருக்கும்." உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை நாங்கள் எழுதவில்லை. பழைய ரிப்போர்ட் ஒன்றில் இருந்ததை 'மாவரைக்கும்' என்பதை மட்டும் மாற்றி இறக்கிக்கொண்டோம். அது யாருக்கும் உறுத்தவில்லை. எங்களுக்கும்தான்!

மிஷின் ஓடியது. வைவாவில் எக்ஸ்டர்னல் கைகொடுத்துப் பாராட்டினார். மார்க்கும் வந்தது. பெருமையோடு டெம்போவில் ஏற்றி, மேட்டுப்பாளையம் ரோட்டில் வீரபாண்டிப் பிரிவு தாண்டிப் பெரியப்பா களத்தில் கொண்டுபோய் இறக்கினோம். ஒரு மூட்டைக் கடலைக்காயைப் போட்டோம். பத்தே நிமிஷத்தில் ஓடு தனி, பருப்பு தனி. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியப்பா மட்டும் பேசவில்லை. கீழே குனிந்து ஒரு கை பருப்பை அள்ளினார். நூறு பருப்பை எண்ணித் தனியாக வைத்தார். அதில் உடைந்தது 28. தோல் உரிந்தது இன்னும் கொஞ்சம். "எண்ணெய்க்குன்னா செக்குக்காரனே ஒடைச்சுக்குவான் கண்ணு. எனக்கு வெதைக்கல்லோ வேணும்! தோலு போச்சுன்னா மொளைக்காது" என்றார்.

விதைக்கு! அந்த ஒரு வார்த்தையை நாங்கள் நான்கு மாதமாகக் கேட்கவே இல்லை. அவர் சொல்லவில்லை என்று அவர் மேல் பழி போட முடியுமா? விதைக்கடலையைக் கையால்தான் உடைப்பார்கள், அதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை என்பது அவருக்கு ஊரறிந்த விஷயம். கேட்டிருக்க வேண்டியது நாங்கள்.

டாலரன்ஸ் இல்லாத வார்த்தைகள்

நண்பர்களே, டிராயிங் ஹாலில் 25 மி.மீ. துளை என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் சார் விடுவாரா? எச்7 என்றால் 25 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது, மேலே 0.021 மி.மீ. வரை போகலாம் என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆயிரத்தில் 21 பங்கு மில்லிமீட்டருக்கு இவ்வளவு கறார். ஆனால் அந்த மிஷின் எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று எழுதும் இடத்தில் மட்டும் 'சிறந்த', 'எளிய', 'குறைந்த', 'நீடித்த' என்று அளந்துவிடுகிறோம்! 'சிறந்த' என்பதை எந்த வெர்னியரில் அளப்பது?

என் கருத்து இதுதான்: அளந்து பார்க்க முடியாத தேவை, தேவையே அல்ல. அது வெறும் வாழ்த்துச் செய்தி. வாழ்த்துச் செய்தியை வைத்து மிஷின் செய்தால், பிள்ளையார் பிடிக்கக் குரங்காகத்தான் முடியும்.

நம்ம ஊர் கண்ட அடிபம்பு

இதெல்லாம் பெரிய ராக்கெட் வேலைக்குத்தான், நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். இதற்கு நல்ல உதாரணம் நம் கோவை மாவட்டத்திலேயே இருக்கிறது. ஊர்ப் பொது இடத்தில், பள்ளிக்கூட வாசலில் நாம் சின்ன வயதில் தொங்கி விளையாடிய அடிபம்பு! அதன் பெயர் 'இந்தியா மார்க் 2'.

1960-களின் பிற்பகுதியில் நாட்டில் கடும் பஞ்சம். அரசும் யுனிசெஃப் நிறுவனமும் ரிக் வண்டிகளைக் கொண்டுவந்து பாறையைத் துளைத்துக் கிராமம் கிராமமாகப் போர் போட்டன. தண்ணீர் வந்தது. அதன் மேல் வார்ப்பிரும்புக் கைப்பம்பை மாட்டினார்கள். அங்கேதான் வந்தது வினை. அந்தப் பம்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணை வீட்டுக் குடும்பம் புழங்குவதற்காகச் செய்யப்பட்டவற்றின் நகல். நம் கிராமத்திலோ விடியற்காலை நாலு மணிக்கு முதல் குடம் வைத்தால், இருட்டும் வரை கைப்பிடி ஓயாது. நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே பம்பு. பின் தேய்ந்தது, கைப்பிடி உடைந்தது. 1974-ல் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் ஓடவில்லை.

பம்பு செய்தவன் மோசடி செய்தானா? இல்லை. 'கைப்பம்பு வேண்டும்' என்று கேட்டார்கள், கைப்பம்பு கொடுத்தான். எத்தனை பேர் அடிப்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம், கெட்டால் யார் பார்ப்பார்கள்? இதையெல்லாம் யாரும் எழுதிக் கேட்கவில்லை. அப்படியே எங்கள் கடலை மிஷின் கதை!

அதன்பின் செய்த வேலைதான் நாம் படிக்க வேண்டிய பாடம். புதுப் பம்பு எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் பட்டியல் போட்டார்கள். 50 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் இழுக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் சிரமமில்லாமல் அடிக்க வேண்டும். நம் நாட்டுச் சாதாரணப் பட்டறையிலேயே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். விலை 200 டாலருக்குள் அடங்க வேண்டும். ஓராண்டாவது ரிப்பேர் இல்லாமல் ஓட வேண்டும். பாருங்கள், இதில் 'சிறந்த' என்ற வார்த்தையே இல்லை!

மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் உருவான பம்பை அடிப்படையாக வைத்து, சென்னையில் இருந்த மெராடோ ஆராய்ச்சி நிறுவனமும், அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸும் யுனிசெஃப்புடன் சேர்ந்து வேலை செய்தன. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பம்பில் பதில் இருக்கிறது. பிள்ளைகளும் அடிக்க வேண்டுமே, அதனால் கைப்பிடியே கனமான கம்பியாகி, கீழே தொங்கும் ராடின் எடையைச் சமன் செய்கிறது. ஓராண்டு ஓட வேண்டுமே, அதனால் அச்சில் பால் பேரிங். ராடு கோணாமல் நேராக ஏறி இறங்க ஒரு செயின். சாதாரணப் பட்டறையில் செய்ய வேண்டுமே, அதனால் வார்ப்பிரும்புக்குப் பதிலாக வெல்டிங் செய்த எஃகு உடல்.

பேப்பரில் எழுதியதோடு நிற்கவில்லை. 1970-களின் நடுவில் சோதனைப் பம்புகளை எங்கே போட்டுப் பார்த்தார்கள் தெரியுமா? நம் கோயம்புத்தூர் வட்டாரத்தில்! தண்ணீர் ஆழம், அடிக்கும் கூட்டமும் அதிகம். இங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்பதுதான் கணக்கு. 1979-ல் ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. 1990-களின் நடுப்பகுதிக்குள் உலகம் முழுதும் சுமார் 50 லட்சம் பம்புகள் செய்யப்பட்டுவிட்டன.

தர நிர்ணயம் என்றால் பயப்பட வேண்டாம், அதன் கணக்கு நம் ஹைட்ராலிக்ஸ் கணக்குதான். சிலிண்டர் விட்டம் 63.5 மி.மீ., ஸ்ட்ரோக் 125 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், ஓர் அடிக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர். 40 அடிக்கு 16 லிட்டர் வர வேண்டும். ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பையன்கூடப் பம்பைச் சோதித்துவிடலாம். நல்ல தேவைக்கு அடையாளம் இதுதான்.

விட்டுப்போன ஒரு வரி

ஆனால் மார்க் 2-விலும் ஒரு குறை. சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற முழுக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும், கப்பியும், பயிற்சி பெற்ற ஆட்களும் வெளியூரிலிருந்து வர வேண்டும். அதுவரை ஊர் காய வேண்டியதுதான். 'ஊர்க்காரரே ரிப்பேர் செய்துகொள்ள வேண்டும்' என்ற வரி முதல் பட்டியலில் இல்லை.

1983-ல் மறுபடியும் நம் கோவை மாவட்டத்துக்கே வந்தார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் ஆதரித்த அந்தக் களச் சோதனை பல ஆண்டுகள் நடந்தது. தோல் வாஷரைவிட நைட்ரைல் ரப்பர் வாஷர் நீண்ட நாள் உழைக்கிறது என்று கண்டார்கள். 32 மி.மீ. குழாயை 65 மி.மீ. ஆக்கினார்கள். பிஸ்டனையும் அடி வால்வையும் குழாய் வழியாகவே மேலே உருவிவிடலாம். அதுதான் மார்க் 3. ஆனால் பெரிய குழாய் என்றால் எடையும் கூடும், விலையும் கூடும். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

இன்று நம் பக்கம் போர் ஆயிரம் அடிக்குப் போகிறது. பல அடிபம்புகள் காற்றைத்தான் இழுக்கின்றன. அது பம்பின் குற்றமில்லை. 50 மீட்டருக்கென்று எழுதிச் செய்தது, 50 மீட்டருக்குத்தான் வேலை செய்யும்.

நாம் என்ன செய்யலாம்?

"கேட்பவருக்கே என்ன வேண்டும் என்று தெரியாதே, நாம் எப்படி எழுதுவது?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குத்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒரு நாள் பெரியப்பா களத்தில் உட்கார்ந்து பெண்கள் விதைக்கடலை உடைப்பதைப் பார்த்திருந்தால் போதும், அவர் வாய் திறக்காமலே எங்களுக்குப் புரிந்திருக்கும்.

இன்னொரு தப்பும் செய்தோம். "அரை எச்.பி. மோட்டார் வேண்டும்" என்று முதல் நாளே எழுதிவிட்டோம். அது தேவையா, நம் ஆசையா? மோட்டார் என்பது வழி. 'ஒரு பெண் தனியாக ஒரு மணி நேரத்தில் 20 கிலோ காய் உடைக்க வேண்டும்' என்பதுதான் தேவை. வழியை முதலிலேயே கட்டிப்போட்டுவிட்டால் வேறு யோசனைக்கு இடமே இல்லை.

இப்போது அதே பட்டியலைத் திரும்ப எழுதியிருக்கிறோம். விதைக்கான கடலை. நூறு பருப்பில் உடைந்ததும் தோல் உரிந்ததும் சேர்த்து ஐந்துக்கு மேல் போகக்கூடாது. மணிக்கு 20 கிலோ. இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைக்கும் எடை. சல்லடையை உள்ளூர் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் ஐந்தே வரி. கீழே பெரியப்பாவின் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம்!

என் கோரிக்கை பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்: முதல் ரிவ்யூவுக்கு முன் ஒவ்வொரு புராஜெக்ட் குழுவும் ஒரே ஒரு பக்கம் தர வேண்டும். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எப்படிச் சோதிப்போம் என்ற நான்குக்கும் அதில் பதில் வேண்டும். பயன்படுத்தப் போகிறவரின் கையெழுத்து இருக்க வேண்டும். 'சிறந்த', 'எளிய' என்ற வார்த்தை ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம். நாளை நாம் பம்பு கம்பெனிக்கோ, ஃபவுண்டரிக்கோ, மில் மிஷின் கம்பெனிக்கோதான் வேலைக்குப் போகப்போகிறோம். அங்கே தப்பான மிஷினுக்கு யாரும் கைகொடுத்து மார்க் போட மாட்டார்கள்.

எங்கள் 12,000 ரூபாய் இப்போது லேப் மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்திக் கிடக்கிறது. பரீட்சை முடிந்ததும் ரோட்டரைக் கழற்றி, இரும்புப் பட்டைக்குப் பதில் ரப்பர் பட்டை வைத்துப் பார்க்கப்போகிறோம். லேத்துப் பட்டறை நண்பன்தான் முதலில் "வர்றேன்டா" என்றான். ஆடிப் பட்டத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தத் தடவை வைவா பெரியப்பா களத்தில்தான். நூறு பருப்பை எண்ணிப் பார்க்கப்போவதும் அவர்தான்!