கூரையில் தொங்கும் முதலீடு

அமெரிக்காவில் 'பூல்' விளையாட்டுக்குக் கையால் கோல் செய்கிற ஆசாமிகளின் கணக்கு வழக்கைப் பார்த்தால், பி.காம். படித்த எனக்கே தலை சுற்றுகிறது. இன்று மரம் வாங்கினால், கோலை விற்றுக் காசு பார்க்க வருஷக்கணக்காகுமாம். எந்த பாங்க் சார் இதுக்கு லோன் குடுக்கும்?

கோலின் முன்பாதிக்கு மேப்பிள் மரம். குளிர்ப் பிரதேசத்தில் மெதுவாக வளர்ந்தது என்றால் விசேஷம். வளையங்கள் நெருக்கமாக இருக்கும். ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேராக ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்ததோ, என்றைக்காவது வளைந்தே தீரும்.

வாங்கியதும் லேத்தில் ஏற்றி ஒரே மூச்சில் மெலித்துவிட முடியாது. கொஞ்சம் சீவி, கூரையில் தொங்கவிட வேண்டும். சில வாரமோ மாசமோ கழித்து இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு சீவலுக்கும் மரம் தன் சுபாவத்தைக் காட்டும். கடைசியில், நுனி 13 மில்லிமீட்டருக்கு வரும்போது லேசாக வளைந்தால்? அத்தனை நாள் உழைப்பும் அடுப்புக்கு! அனலில் காட்டி நிமிர்த்தி, யார் தலையிலாவது கட்டிவிடலாம்தான். ஈரக்காற்று பட்டால் பழைய குணம் திரும்பிவிடும். அப்புறம் போவது கோல் இல்லை, பெயர்!

ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் தச்சு வேலை பார்த்த ஜார்ஜ் பலபுஷ்கா, 1959 வாக்கில் கோல் செய்ய ஆரம்பித்தார். மரத்துக்கு எங்கே போனார் தெரியுமோ? பூல் ஹால்களில் ஆளாளுக்கு எடுத்து ஆடுகிற பிரன்ஸ்விக் கம்பெனியின் 'டைட்லிஸ்ட்' கோல்களுக்கு! இரண்டு நிற மரத்தைக் கூர்கூராகக் கோத்த அடிப்பாகம் அதில் ரெடிமேடாகக் கிடைத்தது. மனுஷர் 1975-ல் காலமானார். 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் 'பலபுஷ்கா' என்று சொல்லி ஒரு கோலைக் கொண்டாடுகிறார்கள். (படத்தில் காட்டியது 'ஜாஸ்' கம்பெனிக் கோல். சினிமாவாச்சே!)

அடிப்பாகத்துக்கு நம்ம ஊர் ஈட்டி மரமும் போகிறது. பிரேசில் ரோஸ்வுட் வியாபாரத்துக்கு 1992-ல் சர்வதேசத் தடை விழுந்தது. 2017-ல் ஈட்டி உட்பட அந்தக் குடும்பம் முழுசுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆக, நன்றாகக் காய்ந்த பழைய மரம் வைத்திருப்பவர்தான் ராஜா.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஈட்டிக் கட்டில் கிடக்கிறதா? காயலான் கடைக்காரரைக் கூப்பிடுமுன் ஒருதரம் தட்டிப் பாருங்கள், சுவாமி!