பதினொரு பேரைத் தேடும் ஊர்க்கழகம்

கடந்த மாதம் எங்கள் கழகம் லீக் ஆட்டமொன்றில் ஆறு கோல்களால் தோற்றது. தோல்வி எனக்குப் புதிதல்ல. ஐம்பது வருடங்களாக இந்த அணியின் ஆட்டங்களை மைதான ஓரத்தில் நின்று பார்த்து வருகிறேன். ஆனால் அன்று நடுவர் விசில் ஊதியபோது எங்கள் பக்கம் ஒன்பது பேர்தான் நின்றார்கள். பத்தாவது பெடியன் கடலுக்குப் போய்விட்டுக் குளிக்காமலே ஓடிவந்து இறங்கினான். பதினோராவது ஆள் வரவேயில்லை. அவன் முதல்நாள் இரவே கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டான் என்பது இடைவேளையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

தோற்றுவிட்டு வந்தால் சந்தியில் வழமையான காரணங்கள் சொல்லப்படும். பெடியள் போனோடு கிடக்கிறார்கள், பயிற்சிக்கு வருவதில்லை, போதை கெடுத்துவிட்டது, நிர்வாகம் சரியில்லை. இவற்றில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் குறைகள் எதுவும் இல்லாத வருடங்களிலும் நாங்கள் தோற்றோம். ஒரு ஊர்க்கழகம் ஏன் தோற்கிறது என்று கேட்டால், அந்த ஊருக்கு என்ன நடந்தது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

எங்களுடையது வலிகாமம் வடக்கின் கரையோரக் கிராமம். 1990 யூன் மாதம் உடுத்த உடுப்போடு வெளியேறினோம். அப்போதைய செயலாளர் வீட்டிலிருந்து எடுத்து வந்தது இரண்டு பொருட்கள்: அம்மாவின் மருந்துப் பை, கழகத்தின் கூட்டக் குறிப்பேடு. அந்தக் குறிப்பேடு 1995 ஒக்ரோபரில் தென்மராட்சிக்கும் பிறகு வன்னிக்கும் போய்த் திரும்பி வந்தது. மைதானம் மட்டும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது.

2015க்குப் பின்னர் வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திரும்பக் கிடைத்தது. அந்த நாட்களில்தான் எங்கள் மைதானத்தையும் பற்றை வெட்டி மீண்டும் கண்டோம். நிலம் வந்துவிட்டது, இனி அணியும் வரும் என்று நம்பினோம். அது பிழையான கணக்கு. 1990இல் பத்து வயதாக இருந்த ஒரு சிறுவனுக்கு 2017இல் முப்பத்தேழு வயது. ஒருவன் பந்து உதைத்துப் பழகி, அணியில் இடம்பிடித்து, ஆடி ஓய்ந்து, அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் காலம் முழுவதும் அந்த வேலிக்கு வெளியே கழிந்துவிட்டது. இடம்பெயர்ந்து போன இடங்களில் கலியாணம் கட்டி, பிள்ளைகளை அங்குள்ள பள்ளிக்கூடங்களில் சேர்த்தவர்கள் பலர் திரும்பவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் பெற்றோர் சொல்லும் ஒரு பெயர் மட்டுமே. ஊரின் ஒரு பகுதி இன்னமும் விடுவிக்கப்படவில்லை.

இருந்தவர்களையும் 2022 கொண்டுபோனது. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த அந்த ஒரே வருடத்தில் நாடு முழுவதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் விநியோகிக்கப்பட்டன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் 9 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 2015இல் 7. 2024இல் 6. பதிவான வாக்காளர் தொகையை வைத்தே இந்த ஆசனங்கள் பகிரப்படுகின்றன. ஆசனம் குறைவதைப் பற்றி நாங்கள் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறோம். அதே கதையைத்தான் எங்கள் அணிப் பட்டியல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறது.

திறமையுள்ள பெடியன் ஊரிலேயே நின்றாலும் அவன் ஏறிப்போக ஏணி இல்லை. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்ற காரணத்தால் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. கொழும்பில் நடந்த அந்த இழுபறியில் எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பங்கும் இல்லை. இருந்தாலும் பதினேழு வயதில் தேசிய அணியைக் கனவு கண்டவனுக்கு அந்த ஏழு மாதங்கள் ஒரு பதிலைச் சொல்லிவிட்டன. அதன்பின் அவன் பயிற்சியாளரிடம் கேட்பதை விட முகவரிடம் கேட்பது கூடிவிட்டது.

இங்கே புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளைப் பற்றியும் பேசவேண்டும். மின்னொளிக் கம்பங்கள் அவர்களின் காசு. பார்வையாளர் மண்டபம் அவர்களின் காசு. குளிரில் இரவுவேலை செய்து மிச்சம்பிடித்த காசு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்பதற்குச் சுலபமானதைத்தான் நாங்கள் அவர்களிடம் கேட்டோம். கல்லில் பெயர் பொறிக்கக்கூடிய மண்டபத்தைக் கேட்டோம். சிறுவர் பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் கேட்கவில்லை. வருடாந்தச் சுற்றுப்போட்டிக்குப் பணப்பரிசிலைக் கூட்டினோம். பரிசில் கூடியதும் கழகங்கள் வெளி ஊர் வீரர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி இறக்கத் தொடங்கின. நாங்களும் இறக்கினோம். போன வருடம் ஒரு சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் சமநிலைத் தவிர்ப்பு உதையில் வென்றோம். கோல் காப்பாளர் இரண்டு உதைகளைத் தடுத்தார். ஊரே கத்தியது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: “தம்பி, உவர் ஆற்றை பெடியன்?” எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எங்களுக்கு நடந்தவை. நாங்களே செய்த ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதல்ல. எங்கள் கழக யாப்பில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. புதிய அங்கத்தவரை ஏற்கனவே உள்ள இருவர் சிபாரிசு செய்யவேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்துக் குறிச்சிப் பெடியளுக்கு யாரும் கையொப்பம் வைக்கவில்லை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவர்கள் தங்களுக்கென வேறு கழகம் தொடங்கினார்கள். 1988இல் ஒரு பெடியன் படிவத்தோடு என் வீட்டுப் படலைக்கு வந்தான். “பிறகு பாப்பம் தம்பி” என்றேன். அந்தப் பிறகு வரவில்லை.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் இரண்டு குறிச்சியும் ஒரே தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றோம். இரண்டு பக்கமும் அணிக்கு ஆள் போதவில்லை. சேர்ந்து ஆடினோம். படிவத்தோடு வந்த அதே பெடியன்தான் கோல் காத்தான். நான் பார்த்த அணிகளில் மிகச் சிறந்தது அதுதான். ஊருக்குத் திரும்பியதும் முதலில் திருத்திய வேலிகளோடு பழைய பிரிவையும் திருத்திக்கொண்டோம். இன்று இரண்டு கழகங்களுக்கும் இரண்டு மைதானங்கள், இரண்டு பெயர்ப்பலகைகள். சேர்த்து எண்ணினால் ஒரு முழு அணிக்குத்தான் ஆள் இருக்கிறது.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, இலண்டனிலிருந்து வரும் காசில் ஐந்து வெளிவீரர்களை எடுத்து முதற்பிரிவில் தப்பிநிற்பது. மற்றது, இரண்டு கழகங்களையும் இணைத்து, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து கட்டத் தொடங்குவது. இரண்டாவதைத் தெரிந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டி வரலாம். பெயரும் மாறலாம். “அண்ணை, பேரை மட்டும் விட்டுடாதேங்கோ” என்று இலண்டனிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னார். அவரின் தகப்பன் அந்தப் பெயரை வைத்தவர்களில் ஒருவர். அவரின் வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பெயர் போட்ட சேட்டை அணிய ஊரில் பிள்ளை இல்லாதபோது, அதைக் காப்பாற்றுவது யாருக்காக என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சிறுவர் பயிற்சிக்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்று கேட்டார்.

இணைப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. விமானம் ஏறுகிறவனை ஒரு கழகம் தடுத்து வைக்கமுடியாது, தடுக்கவும் கூடாது. எஞ்சிய காணியை விடுவிப்பது எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது இந்த ஒழுங்கைதான்.

இப்போது பின்னேரங்களில் எங்கள் மைதானத்தில் பதினாறு பிள்ளைகள் பழகுகிறார்கள். அதில் ஆறு பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். யாரும் கூப்பிடவில்லை, தாங்களாக வந்தார்கள். ஒருவன் 1988இல் என் படலைக்கு வந்தவரின் பேரன். பாட்டனைப் போலவே கோல் காக்க விரும்புகிறான். பொதுக்கூட்டம் எப்படி முடிந்தாலும் அவனுடைய அங்கத்துவப் படிவத்தில் முதல் கையொப்பம் என்னுடையது. இரண்டாவதைப் போட இன்னொருவர் வேண்டும்.