படி குறைந்தால் கேட்க மாட்டோமா?

தோழரே!

திருத்தணி மலைக்குப் படிகள் 365 என்பர். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி! டிசம்பர் 31ஆம் நாள் அங்கே படித் திருவிழா. படிக்குப் படி மஞ்சள், குங்குமம். படிக்குப் படி கற்பூரச் சுடர். படிக்கு ஒரு திருப்புகழ். நம்புகிறவர் முருகனைக் காண ஏறுவர். நம்பாதவர் மக்களைக் காண ஏறுவர். நான் எதன்பொருட்டு ஏறினேன் என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஏறுகையில் கண்ட காட்சி ஒன்றுண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதுகு வளைந்த மூதாட்டி ஒருவர். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பம். தறி ஓசையோடு ஓசையாய்ப் பாடிப் பழகிய குரல். முன்னே அவர் பாடிச் செல்ல, பின்னே பேரன், கையில் புத்தம்புதுக் கைப்பேசியை ஏந்தி, அந்தப் பாட்டையும் பாட்டியையும் படம் பிடித்தபடி ஏறுகிறான். தவணைக்கு வாங்கிய கைப்பேசி. தவணை முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. பாதி மலை ஏறியிருப்பர். பாட்டி நிற்கவில்லை, கைப்பேசி நின்றுவிட்டது! 'இடம் இல்லை' என்றது அந்தத் திரை.

இளைஞன் படியில் உட்கார்ந்தான். அழிக்கத் தொடங்கினான். நண்பர் திருமணம் போயிற்று. தங்கை பள்ளியில் ஆடிய ஆட்டம் போயிற்று. அடுத்து ஓரிடத்தில் அவன் விரல் நின்றது. மறைந்துபோன தந்தை என்றோ அனுப்பிய குரல் பதிவுகள்! தந்தையின் குரலை அழித்துப் பாட்டியின் பாட்டைப் பிடிப்பதா? பாட்டியின் பாட்டை இழந்து தந்தையின் குரலைக் காப்பதா? சற்று நேரம் திகைத்திருந்தான். பிறகு கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தான். பாட்டி பாடிக்கொண்டே ஏறினார். பாட்டு காற்றோடு போயிற்று.

எதை அழிப்பது என்ற அந்தக் கொடிய கேள்வியை அவன்முன் வைத்தது யார், தோழரே? விதியா? விதி என்றால் விட்டுவிடலாம். அது விதியன்று, விற்பனை!

கணக்குப் பார்ப்போம், வாரீர். ஐஃபோன் போன்ற கருவியில், 4கே என்னும் தெளிவுமிக்க முறையில், நொடிக்கு 30 சட்டங்கள் வீதம் படம் பிடித்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்.பி. இடம் ஆகும். நொடிக்கு 60 சட்டங்கள் என்றால் 400 எம்.பி. படிக்கு இரண்டே நிமிடம் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். 365 படிக்கு 730 நிமிடம். குறைந்த கணக்காகிய 170ஆல் பெருக்கினால், 124 ஜி.பி.! பெட்டியின்மேல் பெரிதாகப் பொறித்திருப்பது 128. அந்த 128ம் வாங்கியவன் கைக்கு வந்தால், அடிவாரத்துப் பாட்டிலிருந்து உச்சிப் பாட்டு வரை அத்தனையும் அடங்கிவிடும். ஆனால் வருவதில்லை! எழுதியது ஒன்று, கிடைப்பது வேறொன்று.

ஏன் என்று கேட்டால் விற்பவர் என்ன சொல்வார்? மேடை கண்டவன் நான். எனவே அதை ஒரு சிறு காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

வாங்குவோர்: பெட்டியில் 128 என்று போட்டிருக்கிறதே, உள்ளே 128 இருக்கிறதா ஐயா?

விற்போர்: இருக்கிறது. ஆனால் அத்தனையும் உமக்கில்லை.

வாங்குவோர்: பின் யாருக்கு?

விற்போர்: கருவியை இயக்கும் மென்பொருளுக்குக் கொஞ்சம். நாங்களே ஏற்றி அனுப்பியுள்ள செயலிகளுக்குக் கொஞ்சம்.

வாங்குவோர்: அந்தச் செயலிகளை நான் கேட்கவில்லையே!

விற்போர்: கேளாமல் கொடுப்பதன்றோ கொடை!

வாங்குவோர்: வேண்டாமென்றால் வெளியேற்றலாமா?

விற்போர்: சிலவற்றை வெளியேற்றலாம். சிலவற்றை உறங்கச் செய்யலாம், வெளியேற்ற இயலாது.

வாங்குவோர்: அவை குடியிருக்கும் இடத்துக்கு விலை கொடுத்தது யார்?

விற்போர்: வேறு யார்? நீர்தாம்!

சிரிப்பு வருகிறதா? சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள். இது கற்பனை உரையாடல். ஆனால் உள்ளே இருப்பது கற்பனையன்று. 2013ஆம் ஆண்டு சாம்சங் நிறுவனத்தின் தலையாய கைப்பேசி கேலக்ஸி எஸ்4. பெட்டியில் 16 ஜி.பி. என்றிருந்தது. வாங்கியவருக்கு மிஞ்சியதோ ஏறத்தாழ 9 ஜி.பி. மட்டுமே! பாதிக்குச் சற்றே மேல். அந்நாளில் உலகெங்கும் எழுந்த முணுமுணுப்பு கொஞ்சமன்று. மெமரி கார்டு செருகும் துளையாவது அதில் இருந்தது, ஓரளவு பிழைத்தனர்.

ஆப்பிள் நிறுவனம் வேறொரு வித்தை செய்தது. 2014இல் வந்த ஐஃபோன் 6, 2015இல் வந்த 6எஸ் இரண்டும் 16 ஜி.பி.யில் தொடங்கின. அதற்கடுத்த படி 32 அன்று, ஒரேயடியாக 64! நடுப்படியை எடுத்துவிட்டார்கள். 16 போதாதவன், 32 போதும் என்பவன், 64க்கே தாவவேண்டும்; தாவுவதற்குரிய விலையும் தரவேண்டும். மலைப்படியில் ஒன்றைப் பெயர்த்து எடுத்தால் ஊரே திரண்டு கேட்கும். விலைப்படியில் ஒன்றைப் பெயர்த்தபோது கேட்க ஆளில்லை.

2024 செப்டம்பரில் ஐஃபோன் 16 வந்தது. இந்தியாவில் அறிவித்த விலை, 128 ஜி.பி.க்கு 79,900 ரூபாய், 256க்கு 89,900, 512க்கு 1,09,900. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற, 128 ஜி.பி. கூடுதலுக்குப் பத்தாயிரம் ரூபாய்! அதே ஆண்டில் கடைத்தெருவில் 128 ஜி.பி. மெமரி கார்டு ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்குக் கிடைத்தது. உள்ளே பதித்த நினைவகம் கார்டைவிட வேகமானது, தரமானது, மறுக்கவில்லை. அதற்காக இருமடங்கு கேள், மும்மடங்கு கேள். பத்து மடங்கா? 2025 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 17, 256 ஜி.பி.யிலேயே தொடங்குகிறது, விலை 82,900. நல்லதைக் கண்டால் நல்லதென்போம்; இது நல்லதே. ஆயினும் 256இலிருந்து 512க்கு ஏற 20,000 ரூபாய் என்ற பழைய சுங்கம் அப்படியேதான் நிற்கிறது.

'கார்டு செருகத் துளை வைத்தால் நீர் புகும், வேகம் குறையும். அதனால்தான் வைக்கவில்லை' என்பர். அப்படியா? சாம்சங் 2015இல் எஸ்6 கைப்பேசியில் துளையை எடுத்தது. மறு ஆண்டே, 2016இல், எஸ்7 கைப்பேசியில் திரும்ப வைத்தது. அந்த எஸ்7 நீர் புகாத் தகுதியும் பெற்றிருந்தது! துளையும் இருந்தது, நீரும் புகவில்லை. பின்னர் 2021இல் எஸ்21 வந்தபோது மீண்டும் எடுத்துவிட்டனர். நீரா காரணம்? வேகம் குறையுமெனில் செயலிகள் உள்ளே இருக்கட்டும். பாட்டியின் பாட்டு கார்டில் இருக்கட்டும். பாட்டுக்கு என்ன அவசரம்?

விரல் நகத்தளவு அந்தக் கார்டு. 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிகள் பலவற்றில் அதற்கு இடமுண்டு. எண்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசியில் இடமில்லை! குடிசையில் திண்ணை உண்டு, மாளிகையில் திண்ணை இல்லை என்பதுபோல. ஏன்? திண்ணை வைத்தால் மாடி அறைக்கு வாடகை வராது!

வாடகை என்றேனே, அதையும் கேளீர். 'இடம் இல்லையா? கவலை வேண்டாம், எங்கள் மேகத்தில் வைத்துக்கொள்' என்று கிளவுட் என்னும் கிடங்கைக் காட்டுகிறார்கள். ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜி.பி. 2011இலும் 5, கருவி பலமடங்கு பெருத்துவிட்ட இன்றும் அதே 5! கூகுள் தருவது 15. அந்நிறுவனம் படங்களை அளவின்றி இலவசமாகச் சேர்த்துவைக்க ஒரு காலத்தில் இடம் தந்தது, மக்கள் பழகினர், 2021 சூன் 1 முதல் அந்த அளவில்லாக் கொடைக்கு அளவு வந்துவிட்டது. பழக்கிவிட்டுப் பிறகு கட்டணம் கேட்பது புது வணிகமா? மாத வாடகை கட்டினால்தான் தந்தையின் குரல் தங்கும் என்ற நிலை நியாயந்தானா?

'எண்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசி வாங்குகிறவன் குறையைப் பாட்டாளியின் ஏடு ஏன் பேசவேண்டும்?' என்று கேட்பீர். கேட்கவேண்டிய கேள்வி. விடை சொல்கிறேன்.

இன்று கைப்பேசி சீமான் வீட்டு அலங்காரப் பொருளன்று. நெசவாளிக்குச் சேலைக் கரையின் மாதிரி அதில். மாணவனுக்குப் பாடம் அதில். முதியவருக்கு மருத்துவர் சீட்டு அதில். எல்லோருக்கும் அடையாள அட்டை அதில். உயர்விலைக் கருவி பணக்காரன் கையோடு நின்றுவிடுவதுமில்லை; தவணையில் இளைஞனுக்கு வருகிறது, இரண்டாம் கையாகத் தொழிலாளிக்கு வருகிறது, அண்ணனிடமிருந்து தம்பிக்கு வருகிறது. இடமில்லாக் கருவி அவனிடம் வரும்போது எதற்கும் பயன்படாத கண்ணாடித் துண்டாக வருகிறது! இன்னொன்றும் உண்டு. திருத்தணியிலிருந்து தொலைவில் இல்லை ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோனைப் பொருத்தும் கரங்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கரங்கள். பொருத்துகிறவள் நம் தங்கை. வாங்கி ஏமாறுகிறவன் நம் தம்பி. இதைப் பேசாமல் வேறெதைப் பேச?

அப்படியானால் நாம் கேட்பதென்ன? வானத்து வெள்ளியை அன்று, படியளவைத்தான்!

இந்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் இருக்கின்றன. பிஸ்கட் பொட்டலத்தின்மேல் நிகர எடை போடவேண்டும். காகிதத்தின் எடையைச் சேர்த்துக் காட்டினால் குற்றம். எண்ணெய் டின்னை எண்ணெயோடு சேர்த்து நிறுத்து விற்றால் குற்றம். பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு நிகரக் கணக்கு. எண்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்கு மொத்தக் கணக்கா? 'பயன்படுத்தக் கிடைக்கும் இடம் இதனினும் குறைவு' என்று எறும்பு எழுத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டால் போதுமா? எத்தனை குறைவு? அதைச் சொல்!

முதலாவது: பெட்டியின் முகப்பில், 128 என்ற எண்ணின் அருகே, அதே பருமனில், வாங்குவோர் கைக்கு வரும் நிகர இடம் இத்தனை ஜி.பி. என்று அச்சிடவேண்டும். ஆயிரத்தால் எண்ணினீரா, கணினி வழக்கப்படி 1024ஆல் எண்ணினீரா என்பதும் தெரியவேண்டும். ஆயிரத்தால் எண்ணிய 128, 1024ஆல் எண்ணினால் 119 ஆகிவிடும். இது திருட்டன்று, அளவு வேறுபாடு. ஆனால் எந்த மரக்காலால் அளந்தாய் என்று சொல்வது அளப்பவன் கடமை.

இரண்டாவது: நாம் கேளாத செயலிகளை முற்றாக வெளியேற்றும் உரிமை வேண்டும்.

மூன்றாவது: கார்டுக்கு இடம் வேண்டும், அல்லது கூடுதல் இடத்துக்கு நியாய விலை வேண்டும்.

'உலக நிறுவனங்கள் நம் பேச்சைக் கேட்குமா?' என்று பெருமூச்செறிவோர் உளர். ஐரோப்பிய ஒன்றியம் எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே வகை மின்னேற்றித் துளை என்று சட்டம் செய்தது. 2024 டிசம்பர் 28 முதல் அது நடைமுறை. அதற்கு ஓராண்டு முன்பே, 2023இல், ஆப்பிள் தன் தனித் துளையைக் கைவிட்டுப் பொதுத் துளைக்கு வந்துவிட்டது. சட்டம் பேசினால் வணிகம் கேட்கும். மக்கள் பேசினால் சட்டம் வரும்!

இதைத் திருத்தணி மக்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த மலையே ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் இல்லை; ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்றனர். எளிய மக்கள் ஊர்வலம் போயினர், சிறை புகுந்தனர். படாஸ்கர் ஆய்ந்தார், 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 'உங்களுக்கு இங்கே இடம் இல்லை' என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து மலையிறங்கிய ஊர் அன்று அது. கேட்டுப் பெற்ற ஊர்!

எல்லைக்குக் கேட்டவன் அளவைக்குக் கேட்கமாட்டானா? கேட்பான். கேளுங்கள் தோழரே! அடுத்த கைப்பேசி வாங்கும்போது, நிறத்தைப் பார்ப்பதற்கு முன், படமெடுக்கும் கண் எத்தனை என்று எண்ணுவதற்கு முன், கடைக்காரரிடம் கேளுங்கள்: 'நிகரம் எவ்வளவு?' அவருக்குத் தெரியாதெனில் நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

மீண்டும் ஒரு டிசம்பர் 31 வரும். அந்த மூதாட்டி மீண்டும் பாடுவார். வயது இடம் கொடுத்தால் பாடுவார். வயது இடம் கொடுத்து, கைப்பேசி இடம் கொடுக்கவில்லை என்ற பழி இன்னொருமுறை வேண்டாம்.