உங்கள் ஊர்க் கணக்கை இன்டர்நெட்டில் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள், கரண்ட் பில் கட்டுகிறார்கள். ஒருநாள் உங்கள் நகராட்சியின் வெப்சைட்டையும் திறந்து பாருங்கள். வரி கட்டுவதற்கான லிங்க் பளிச்சென்று கண்ணில் படும். அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்குச் சாலை போட்டார்கள், கான்ட்ராக்ட் யாருக்கு, பில் எவ்வளவு என்று தேடினால் பல ஊர்களில் மவுஸ் தேய்வதுதான் மிச்சம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டிய 17 இனங்களை அதன் 4-வது பிரிவு பட்டியலிடுகிறது. பட்ஜெட் ஒதுக்கீடு, செலவு, பெர்மிட் பெற்றவர்கள் விவரம் எல்லாம் அதில் உண்டு. மக்கள் மனு போடும் தேவையே குறையும்படி இன்டர்நெட் உள்ளிட்ட வழிகளில் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

நாமோ ஆளுக்கொரு மனு போடுகிறோம். பதில் தபாலில் ஒருவருக்கு மட்டும் வந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "4-வது பிரிவின்படி வெளியிட வேண்டிய தகவல்கள் வெப்சைட்டில் எந்தப் பக்கத்தில் உள்ளன? கடைசியாக அப்டேட் செய்த தேதி என்ன? இந்த ஆண்டின் சாலைப் பணிப் பட்டியலை எக்ஸெல் ஃபைலாகத் தரவும்." கட்டணம் 10 ரூபாய். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். வெளியிடும்படி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது.

"ஜெராக்ஸ்தான் தருவோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டரில் உள்ள தகவலை எலக்ட்ரானிக் வடிவில் பெறலாம் என்று சட்டமே சொல்கிறது. அதில் ஃப்ளாப்பி என்ற வார்த்தைகூட இருக்கிறது! (இன்றைய கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி டிரைவ் இல்லை என்பது வேறு விஷயம்.) கோணலாக ஸ்கேன் செய்த படத்தில் உங்கள் தெருப் பெயரை டைப் செய்து தேட முடியாது. எக்ஸெல் ஷீட் என்றால் தேடலாம், கூட்டியும் பார்க்கலாம். "ஏற்றுவதற்கு ஆள் இல்லை" என்பது வெறும் சாக்கு. பில் கம்ப்யூட்டரில்தானே தயாராகிறது?

கிராமத்து வாசகர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். 2020-ல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் வெப்சைட்டில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்வு செய்தால் திட்டங்களையும் செலவுகளையும் பார்க்கலாம். பிரின்ட் அவுட் எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஊரில் நடந்த வேலைகளோடு ஒப்பிட்டு, அந்தத் தாளில் வராத செலவுகள் எவை என்று கேளுங்கள். அவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள்.