திறக்கும் நாளும் மூடும் நாளும்

மூன்று வாரங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை மாலைத் தேநீர் நேரத்தில், அக்கா மகன் தன் கைப்பேசியை என் முன் நீட்டினான். "மாமா, இதைப் பாருங்க. உடனே திறக்கலாம்னு போட்டிருக்கு."

பார்த்தேன். வடக்கு வட்டாரத்தில் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய ஒரு கடைத்தொகுதி. இரண்டாம் தளம், 900 சதுர அடி. குளிர்சாதனம், சமையலறை, புகைபோக்கி, மேசை நாற்காலி எல்லாம் இருக்கின்றன. இப்போது இருப்பவர் ஜப்பானிய நூடல்ஸ் கடை நடத்துகிறார். எல்லாவற்றையும் அப்படியே விட்டுச்செல்ல 80,000 வெள்ளி கேட்கிறார். நம் ஊரில் இதை 'டேக்ஓவர்' பணம் என்பார்கள்.

"வெறும் கடையை எடுத்தா தரை, கூரை, குழாய், மின்சாரம்னு ரெண்டு மடங்கு ஆகும், மாமா. மூணு மாசமும் வீணாப் போகும். இதுல சாவியை வாங்கினோமா, அடுப்பைப் பத்த வச்சோமான்னு இருக்கலாம்" என்றான்.

அவனுக்கு வயது 29. அலுவலக வேலையில் ஐந்தாண்டுகள் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கிறது. மீதியைத் தருவதாக அக்கா சொல்லியிருந்தாள். அத்தான் தவறியபின் வந்த காப்புறுதிப் பணம் அது. இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது உத்தரவாதக் கையெழுத்து. அக்கா சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல போய்ப் பார்ப்போம்" என்றேன்.

சனிக்கிழமை போகலாம் என்றான். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுக்கச் சொன்னேன். சனிக்கிழமை எந்தக் கடைத்தொகுதியைப் பார்த்தாலும் திருவிழாதான். வாடகை செவ்வாய்க்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது.

பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து எண்ணினோம். மின்படிக்கட்டில் ஏறி வந்தவர்கள் பெரும்பாலும் துணைப்பாட நிலையத்துக்குப் போகும் பிள்ளைகள். அந்த மூன்று மணி நேரத்தில் நூடல்ஸ் கடைக்குள் நுழைந்தவர்கள் 11 பேர். மருமகன் ஒன்றும் பேசவில்லை. எண்ணிக்கையைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

பிறகு உள்ளே போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். ஆள் கிடைக்கவில்லை, உடல்நிலையும் சரியில்லை என்றார். சமையலறை பளிச்சென்று இருந்தது. நூடல்ஸ் வேகவைக்கும் தொட்டிகள் நான்கு, மின்சார அடுப்புகள், அவற்றின் மேல் ஒரு சிறிய புகைபோக்கி.

"தோசைக்கல்லை எங்கே வைப்பே?" என்று கேட்டேன். மருமகன் சுற்றிலும் பார்த்தான். நம் சமையலுக்குத் தாளிப்புப் புகை உண்டு, வறுவல் உண்டு, நாள் முழுதும் காயும் கல் உண்டு. அந்தப் புகைபோக்கி அதைத் தாங்காது. மாற்ற வேண்டுமானால் வரைபடம் வேண்டும், கடைத்தொகுதி நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், தீப்பாதுகாப்பு விதிகளைப் பார்க்க வேண்டும், மின்சுமை போதுமா என்றும் பார்க்க வேண்டும். சமையலறை தயாராகத்தான் இருந்தது, ஆனால் அது அவருடைய சமையலுக்கு.

அடுத்து, பொருள் பட்டியலைக் கேட்டேன். ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம் என்றும் எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். கண்ணாடிக் குளிர்பெட்டி குளிர்பான நிறுவனத்துடையது. பாத்திரம் கழுவும் இயந்திரம் மாத வாடகைக்கு எடுத்தது. பணம் வாங்கும் கருவியும் அப்படித்தான். நூடல்ஸ் தொட்டிகள் நமக்கு உதவாது. கழித்துப் பார்த்தால் மேசை நாற்காலி, எஃகுத் தொட்டிகள், ஒரு குளிர் அறை, குளிர்சாதனம், தரைக்குக் கீழே கிரீஸ் டிராப், அவ்வளவுதான் மிஞ்சின.

இன்னும் இரண்டு விஷயங்கள் கைமாறாது. உணவுக்கடை உரிமத்தை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நாம் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கு வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களின் வேலை அனுமதியும் அந்த முதலாளியைச் சார்ந்தது. வெறும் கடை எடுப்பவருக்கு, வேலைப்பாடுகள் செய்ய வாடகையில்லாத சில வாரங்கள் கிடைப்பதுண்டு. 'தயாரான' கடைக்கு எதற்கு அது என்று நிர்வாகம் கேட்கும். உரிமம் வரும்வரை பூட்டிய கடைக்கு வாடகை கட்ட நேரலாம்.

வீடு திரும்பும் வழியில் ரயிலிலேயே கணக்குப் போட்டோம். வாடகை, பராமரிப்புக் கட்டணம், விளம்பரக் கட்டணம் சேர்த்து மாதம் 12,000 வெள்ளி. மூன்று மாத வைப்புத்தொகை 36,000. முதல் மாத வாடகை 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியுடன் 13,080. மூன்றாண்டுக் குத்தகைக்கு மொத்த வாடகை 432,000. அதற்கு 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை 1,728. டேக்ஓவர் பணம் 80,000. மொத்தம் 130,808 வெள்ளி. இதில் ஒரு மூட்டை அரிசிகூட இன்னும் வாங்கவில்லை.

நான் கடை நடத்திய காலத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வாடகை, விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 12,000 வாடகைக்கு மாதம் 60,000 விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 2,000. ஒருவர் சராசரியாக 10 வெள்ளிக்குச் சாப்பிட்டால் நாள்தோறும் 200 பேர் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை எண்ணிய 11 பேர் எங்கள் இருவர் மனத்திலும் இருந்தார்கள்.

சட்டத்தின் துணை முன்பைவிட இப்போது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. கடை வாடகை ஒப்பந்தங்களுக்கான நடத்தை நெறிமுறை 2024 பிப்ரவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடைக் குத்தகைகளுக்கு அது பொருந்தும். உணவகங்களும் அதில் அடங்கும். 'அடிப்படை வாடகை அல்லது விற்பனையில் ஒரு விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது' என்று வாடகை கேட்பது பொதுவிதிப்படி கூடாது. 5,000 சதுர அடிக்கு உட்பட்ட, மூன்றாண்டு வரையிலான குத்தகைக்கு வைப்புத்தொகை மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. கையெழுத்திடுமுன் அந்த நெறிமுறையை ஒருமுறை படிப்பது நல்லது.

ஆனால் அன்றிரவு நான் மருமகனிடம் பேச விரும்பியது வேறொன்றைப் பற்றி. ஒப்பந்தத்தின் நகலை வாங்கி வந்திருந்தான். பின்பக்கங்களில் ஒரு பிரிவை விரல் வைத்துக் காட்டினேன். குத்தகை முடியும்போது இடத்தை 'மூல நிலைக்கு' கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். தொழிலில் இதை 'ரீஇன்ஸ்டேட்மென்ட்' என்பார்கள்.

"நாம வாங்கினப்போ எப்படி இருந்துச்சோ அப்படித்தானே, மாமா?"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

2014இல் நான் ஒரு கடைத்தொகுதியில் உணவகம் எடுத்தேன் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். 2018இல் விட்டேன் என்பதும் தெரியும். 'குத்தகை முடிந்தது, போதும் என்று விட்டுவிட்டேன்' என்றுதான் சொல்லியிருந்தேன். நடந்தது வேறு. அதுவும் தயாரான கடைதான். முந்தையவருக்குப் பணம் கொடுத்து வாங்கினேன். நான்கு ஆண்டுகளில் பெரிய லாபமும் இல்லை, பெரிய கடனும் இல்லை. 27,000 வெள்ளி வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும், அதோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. தரை ஓடுகளைப் பெயர்க்க வேண்டும், பொய்க்கூரையைக் கழற்ற வேண்டும், தடுப்புச் சுவரை இடிக்க வேண்டும், புகைக்குழாயை வெளிச்சுவர் வரை எடுக்க வேண்டும், கிரீஸ் டிராப்பை அகற்ற வேண்டும். அந்தச் சுவர் எனக்கு முன்னால் இருந்தவர் கட்டியது. அந்த ஓடுகள் அவருக்கும் முன்னால் இருந்தவர் பதித்தவை. ஒப்பந்தத்தில் 'மூல நிலை' என்றால் கட்டடம் முதன்முதலில் ஒப்படைக்கப்பட்டபோது இருந்த வெறும் சிமெண்டுத் தரை. நான் கையெழுத்திட்ட தாளில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. திறக்கும் அவசரத்தில் நான் படிக்கவில்லை.

செலவு 34,000 வெள்ளி. வைப்புத்தொகை முழுதும் போய், மேலும் 7,000 கட்ட வேண்டியிருந்தது. என் மனைவியின் வளையல்கள் சிராங்கூன் சாலையில் ஓர் அடகுக் கடைக்குப் போயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிப் புதுப்பித்து, மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டும் கல்யாண வீடுகளுக்கு அவள் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். யாராவது கேட்டால் 'இதுதான் இப்போ ஃபேஷன்' என்று சிரித்தாள்.

இதை நான் சொல்லி முடித்தபோது அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டா அப்போ என்கிட்டச் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தொழிலில் தோற்றவர்கள் அதைச் சொல்லாமல் விழுங்குவதால்தான் அடுத்தவர் அதே பள்ளத்தில் விழுகிறார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கப் பார்த்தது.

மறுநாள் மருமகன் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினான். 'மூல நிலை' என்பது எந்த நிலை? அதற்குப் படமோ வரைபடமோ இருக்கிறதா? அடுத்து வருபவரும் உணவகமே நடத்தினால் அகற்றத் தேவையில்லை என்று எழுத்தில் தருவீர்களா? நான்கு நாளில் பதில் வந்தது. யார் பொருத்தியிருந்தாலும் அகற்றுவது கடைசிக் குத்தகைக்காரரின் பொறுப்பு. அடுத்தவரும் உணவகமென்றால் அப்போது பரிசீலிப்போம். 'பரிசீலிப்போம்' என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது என்று அவனே சொன்னான். ஒரு குத்தகையாளரைக் கூட்டிப்போய் அகற்றும் செலவுக்கு விலை கேட்டான். 32,000 வெள்ளி.

அந்தத் தாளுடன் நூடல்ஸ் கடைக்காரரைப் பார்த்தான். "நான் இந்தக் கடையை எடுக்கலைன்னா, இந்த 32,000 நீங்க கட்ட வேண்டியது. நான் எடுத்தா அது என் தலைக்கு வருது. அப்போ 80,000 எப்படிச் சரியாகும்?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அவர் யோசிக்க இரண்டு நாள் கேட்டார். பிறகு 35,000க்கு இறங்கினார். நிர்வாகம் எங்கள் பெயரில் புதுக் குத்தகை கொடுத்துக் கையெழுத்திடும் வரை அந்தப் பணம் வழக்கறிஞர் கையில் இருக்கட்டும் என்பதற்கும் ஒப்புக்கொண்டார். நிர்வாகம் மறுத்துவிட்டால் டேக்ஓவர் பணம் யாரிடம் போய்க் கேட்பது?

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணிலும் படலாம். சொந்தத் தொழில் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தயாரான கடை சிலருக்கு உண்மையிலேயே நல்ல தொடக்கமாக இருக்கும், முக்கியமாக முந்தையவரின் சமையலும் உங்கள் சமையலும் ஒன்றாக இருந்தால். ஆனால் அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவை பொருள்கள் மட்டுமல்ல. யாரோ தொடங்கி வைத்த கடமைகளும் காத்திருக்கின்றன. ஆகவே திறக்கும் நாளுக்குக் கணக்குப் போடுமுன் மூடும் நாளுக்குப் போடுங்கள். அந்தச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகும் கையில் ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் மிஞ்சினால் மேற்கொண்டு பேசலாம். உத்தரவாதக் கையெழுத்துக் கேட்டு வரும் பிள்ளையிடம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தாயா என்று கேளுங்கள்.

மருமகன் இன்னும் கையெழுத்திடவில்லை. அக்காவின் பணம் வங்கியிலேயே இருக்கிறது. நிர்வாகம் கொடுத்த கெடு வரும் வெள்ளிக்கிழமை. இந்தத் திங்கட்கிழமை மதிய நேரத்தில் அவன் தனியாகப் போய், அதே காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். மாலையில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"மாமா, 12லிருந்து 2 வரைக்கும் 38 பேர்."

பெருக்கி, வகுத்துப் பதில் எழுதத்தான் கை போனது. எழுதாமல் வைத்துவிட்டேன். இந்தக் கணக்கை அவனே போட வேண்டும்.