பிரித்துக் கொடுங்கள்



அட்டையில் ஒட்டி வரும் பொம்மையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறீர்களே, அந்த மதிப்பு எப்படி வந்தது என்று யோசித்தீர்களா?

1978-இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூன்றே முக்கால் அங்குல உயரம். பிள்ளைகள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு விளையாடினார்கள். அதனால்தான் கிழிபடாமல் தப்பிய சிலவற்றுக்கு இன்று அத்தனை விலை! 1995-இல் அதே நிறுவனம் மீண்டும் விற்றபோது, விலை ஏறும் என்று பெரியவர்கள் வாங்கிப் பிரிக்காமல் அடுக்கினார்கள். எல்லார் வீட்டிலும் இருந்தால் யார் வாங்குவார்? அவற்றில் பெரும்பாலானவை இன்றும் மலிவுதான்.

“அட்டையும் அழகுதானே டீச்சர்?” என்பீர்கள். அழகுதான். முன்னால் படம், பின்னால் மற்றப் பொம்மைகளின் வரிசை. தாராளமாகக் காப்பாற்றுங்கள். அதற்காகப் பொம்மையை ஏன் சிறை வைக்க வேண்டும்? பிளாஸ்டிக் குமிழின் அடிப்பக்கத்தை மட்டும், அட்டையில் படாமல், கூரிய பிளேடால் மூன்று ஓரம் கீறுங்கள். சின்னக் கதவு போலத் திறக்கும். பொம்மை கீழே வழுக்கி வரும். அட்டையை உறையில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். பிரிக்காமல் வைத்தாலும் வெயிலில் அட்டை வெளுக்கும், குமிழ் மஞ்சளாகும்.

பத்து நிமிட வேலை. அதற்குச் சோம்பல்பட்டு, ‘முதலீடு’ என்று பிள்ளையிடம் கதை சொல்லாதீர்கள். பிளேடு உங்கள் கையில் இருக்கட்டும். பொம்மை பிள்ளை கைக்குப் போகட்டும்.