வியப்பும் வினாவும்

வெள்ளிக்கோள் தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் காலம் அதன் ஓராண்டினும் நெடிது. பேய்க்கணவாய்க்கு இருதயம் மூன்று, குருதியோ நீலநிறம். இத்தகைய செய்திகளை ஒருவர் உரைப்ப, மற்றவர் 'அப்படியா!' என வியந்து அகல்வதையே விஞ்ஞானப் பயிற்சியெனக் கொள்ளும் வழக்கம் நம் மாணவரிடை மலிந்துளது. இஃது எமக்கு உடன்பாடன்று.

சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து வெறுங்கண்ணுக்குப் புலனாம் என்பதும் இங்ஙனமே வியப்பூட்டும் செய்தியன்றோ? அது பொய். 2003-ஆம் ஆண்டில் பூமியை வலம்வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவே, சந்திரனினும் மிக அணித்தாய அவ்வுயரத்திலிருந்தே அச்சுவரைத் தாம் கண்டிலர் என்றார். மெய்யும் பொய்யும் வியப்பென்னும் ஒரே ஆடை புனைந்து வருங்கால் அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? 'எவ்வாறு அறிந்தனர்?' என வினவுதலே வழி.

அங்ஙனம் வினவின் உரையாடல் சுவை குன்றுமென்பர் நண்பர் சிலர். யாம் மறுக்கின்றோம். வெள்ளி ஞாயிற்றை 225 நாளில் சுற்றுவதை வானநூலார் நெடுங்காலமாக அறிவர். ஆயின் அடர்ந்த மேகம் அதன் தரையை மறைத்தலின், அது தன்னைத்தான் சுற்றும் காலம் தொலைநோக்கிக்கு எட்டவில்லை. 1960-களில் அறிஞர் அக்கோளின்மீது ரேடார் அலைகளை ஏவினர். மேகத்தை ஊடுருவித் தரையில் மோதி மீண்ட அலைகளின் மாறுபாட்டை அளந்து, அக்காலம் ஏறத்தாழ 243 நாள் எனவும், சுழற்சி நம் பூமிக்கு எதிர்த்திசையது எனவும் கண்டனர். காணாத தரையின் சுழற்சியைக் கணித்த இவ்வரலாறு அவ்வெண்ணினும் சுவை குறைந்ததோ?

கணவாயின் நீலத்திற்கும் காரணமுண்டு: நம் குருதியில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பு, அதன் குருதியில் செம்பு.